தாய்லாந்தில் ஒரு காம்பரா

கொட்டகலை பஜாரில் வெளிநாட்டில் சொந்த வீடு வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் பைஸர் நானாவின் சில்லறைக் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகள் அடுக்கிய அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று கேட்பவர்கள் வெளிநாட்டில் வீடு வாங்கிப் பார்க்காதவர்கள். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது நடந்திருக்காது.

அவர் பெயர் யோகேஸ்வரன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்டாக்காக இருந்தவர், ஓய்வுபெற்ற பிறகும் கண்டாக்கையாதான். கண்டாக்கு என்பது தொரைக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே, மலைக்கு நடுவே நிற்கிற உத்தியோகம். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்ப வேண்டும். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இடையில் தொப்பி போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

தராசுக்குப் பக்கத்தில் அவர் நின்ற கம்பீரத்தை அந்தத் தோட்டம் இன்னும் மறக்கவில்லை. பறித்த கொழுந்தின் நிறையில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். மற்ற கண்டாக்குகள் அதைச் செய்யும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். யோகேஸ்வரன் அப்படிப்பட்ட கோழை அல்ல. பூசாரி விபூதி கொடுக்கிற பாவனையில், கண்ணைப் பார்த்துச் சொல்லுவார்:

"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு."

வெயில் காலத்திலும் தண்ணிக்கு இரண்டுதான். ஒருமுறை வேலாயி கேட்டார். மலையில் வாய் அதிகம் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"ஏங்கய்யா, மழ பேஞ்சு மூணு வாரமாச்சு. தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?"

"ஒன் வேர்வ."

"அப்ப அதத் திருப்பிக் குடுத்துருங்க. வீட்டுல ஒல வைக்கத் தண்ணியில்ல."

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். கண்டாக்கையாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூன்று கிலோவைக் கழித்தார். நிர்வாகம் என்பது இதுதான் என்று அவர் உறுதியாக நம்பினார்: மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை, நடுவில் பிடிப்பு. அந்தப் பிடிப்பு தொழிலாளிகளுக்கு வருகிற ஒரு வகை நோய் என்றும், உத்தியோகத்தர்களை அது அண்டாது என்றும் நம்பினார்.

தோட்டம் அவருக்கு ஒரு குவாட்டர்ஸ் கொடுத்திருந்தது. நான்கு அறை, முன்னால் ரோசாச் செடி, பின்னால் விறகுக் கொட்டில். கூரைத் தகரம் ஒழுகினால் ஆபீசுக்கு ஒரு சிட்டு, ஒரு துண்டுச் சீட்டு, எழுதி அனுப்புவார். மறுநாள் ஆள் வந்து ஏணி போடுவான். குழாய் ஒழுகினால் ஒரு சிட்டு. சுவர் அழுக்கானால் ஒரு சிட்டு, சுண்ணாம்பு வாளியோடு இரண்டு பேர். தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்திலிருந்து போகிற முறைப்பாடுகள் நாலைந்து வருடம் ஆபீசில் ஊறிப் பக்குவப்பட்ட பிறகே கவனிக்கப்படும் என்பது வேறு விஷயம். கண்டாக்கையா தன் உத்தியோக காலத்தில் ஒரு பல்பு வாங்கியதில்லை. கட்டி முடித்த வீட்டுக்கு அதற்குப் பிறகும் செலவு உண்டு என்பது, இந்த மலைநாட்டில் படித்து உத்தியோகம் பார்த்த ஒருவருக்குத் தெரியாமலே போனது இப்படித்தான். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. மீனுக்குக் குளிக்கிற செலவு தெரியுமா?

அவர் மனைவி பேச்சியம்மாவுக்குத் தெரியும். பேச்சியம்மா லயத்தில் பிறந்தவர். காம்பரா என்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறையில் ஏழு பேரோடு வளர்ந்தவர். தோட்டத்து வீடு என்பது வேலை இருக்கும்வரைதான், வேலை முடிந்தால் சாவியைக் கேட்பார்கள் என்பது அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே தெரியும். அதனால் கணவர் ஓய்வுபெறுவதற்கு முன்பே, தன் காப்புகளை விற்று, கொட்டகலையில் பாதையோரம் பத்து பேர்ச் காணி வாங்கி, தன் பெயரில் உறுதிப் பத்திரம் முடித்தார். அத்திவாரமும் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்த அத்திவாரத்துக்குள் முளைத்த புல்லைப் பிடுங்குவார். மூலையில் ஒரு மரத்தக்காளிக் கன்று நட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு எங்கேயும் போக வேணாங்க. எனக்குன்னு ஒரு கதவு வேணும். ராத்திரில உள்ளேருந்து நானே தாப்பா போடணும். யாரும் வந்து சாவியக் கேக்கக் கூடாது."

"ஆகட்டும் பேச்சி. காசு வரட்டும்" என்றார் கண்டாக்கையா.

காசு வந்தது. 2018இல் அவர் ஓய்வுபெற்றார். சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து, அதுவரை அவர் கையால் தொட்டிராத ஒரு தொகை வங்கியில் விழுந்தது. அது விழுந்த சத்தம் கொழும்புவரை கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த மாதமே, ஹட்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வெளிநாட்டுக் கடற்கரை வீடுகள் பற்றிய இலவச விளக்கக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வந்தது. கட்லட், ரோல்ஸ், தேநீர். தேயிலை நாட்டின் நடுவில் நூல் கட்டிய பொட்டலத்தில் தேநீர் கொடுத்தவர்களை அங்கேயே சந்தேகித்திருக்கலாம். கண்டாக்கையா மரியாதைக்காகக் குடித்துவிட்டார்.

மேடையில் கறுப்புக் கோட்டு அணிந்த நிஷாந்தி என்ற பெண் பேசினார். தாய்லாந்தில் ஒரு கடற்கரை நகரம், பதினெட்டு மாடி, கூரையில் நீச்சல் குளம். வீட்டை நீங்கள் வாங்குகிறீர்கள், வருடத்தில் இரண்டு வாரம் நீங்கள் விடுமுறைக்குப் போகலாம், மீதி நாட்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோம், இரண்டு வருடத்துக்கு வாடகை நிச்சயம். கண்டாக்கையாவை வீழ்த்தியவை இவை எதுவுமல்ல. கூட்டம் முடிந்து பக்கத்தில் வந்து நிஷாந்தி சொன்ன ஒரு வாக்கியம்.

"சேர் ஒண்டுமே செய்யத் தேவையில்ல. எதெண்டாலும் ஒஃபிசுக்கு எழுதி அனுப்புங்க. அவங்க வந்து செஞ்சு தருவாங்க."

வாழ்நாள் முழுவதும் வாழ்ந்த உலகம் கடல் தாண்டி மறுபடி திறந்தது. கண்டாக்கையா அன்றே முன்பணம் கட்டினார். மீதிப் பணம் எந்த வழியாகத் தாய்லாந்து போய்ச் சேர்ந்தது என்பதை இங்கே எழுதுவது நாகரிகமல்ல.

செய்தியைச் சொல்ல முதலில் பைஸர் நானாவின் கடைக்குத்தான் போனார். பைஸர் பஜாரில் பிறந்து வளர்ந்த வியாபாரி. பருப்பு நிறுத்தபடியே கேட்டார்.

"வாங்குற வெல சரி. வெச்சிருக்குற வெல கேட்டீங்களா ஐயா?"

"வெச்சிருக்க என்ன வெல? அது என்ன மாடா, புல்லு போட?"

"மாடுண்டா பாலாவது தருமே."

கண்டாக்கையா இதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் பேச்சியம்மா சோறு போட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப நம்ம அத்திவாரம்?"

"அது எங்க ஓடிப் போகுது? அங்கேருந்து வாற வாடகையில இங்க சொவர் எழுப்பலாம். ஒரு வீட்டு வருமானத்துல இன்னொரு வீடு. கணக்குப் புரியுதா?"

பேச்சியம்மாவுக்குக் கணக்குப் புரியவில்லை. ஆனால் வீடு என்று ஒன்று வந்துவிட்ட பிறகு அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும்.

"சரிங்க. பொழுது சாயுற நேரத்துல ஒரு வெளக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்க. வெளக்கு வைக்காம வீட்டப் போடக் கூடாது."

குவாட்டர்ஸ் சாவியைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு சிறு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். சுவர் எழும்பும்வரைதான் என்றார் கண்டாக்கையா. அங்கிருந்தபடி தாய்லாந்துக் கட்டட ஆபீசுக்குத் தன் முதல் சிட்டை மின்னஞ்சலில் அனுப்பினார். தோட்ட ஆங்கிலத்தில், தொரைக்கு எழுதுகிற அதே நடையில்: ஏழாம் மாடி வீட்டுப் பால்கனியில் தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிய ஆவன செய்யவும்.

மறுநாளே பதில் வந்தது. ஆகட்டும் ஐயா, இன்றிலிருந்து எரியும். கூடவே எரிகிற விளக்கின் படம்.

கண்டாக்கையா அந்தப் படத்தைப் பஜாரில் காட்டாத ஆளில்லை. அதற்குப் பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. பால்கனிக் கம்பிக்குப் பூச்சு அடிக்கவும். திரைச்சீலை துவைக்கவும். குளியலறைக் குழாயைப் பரிசோதிக்கவும். மெத்தையை வெயிலில் காட்டவும். ஒவ்வொன்றுக்கும் மறுநாளே பதில், ஒவ்வொன்றுக்கும் படம். இப்படி ஒரு ஆபீஸ் நம் தோட்டத்தில் இருந்திருந்தால் லயத்துக் கூரைகள் ஒழுகியிருக்குமா என்று அவர் உருகிப் பேசியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

வருட முடிவில் வாடகைக் கணக்கு வந்தது. மேலே ஒரு பெரிய தொகை. நடுவில் பொதுப் பராமரிப்பு, ஒதுக்கு நிதி, காப்புறுதி, குளிரூட்டி கழுவுதல், கடல் உப்புக்காற்றுக்கு எதிரான பூச்சு, வாடகைக்கு ஆள் பிடித்த தரகு, அந்தத் தரகுக்கு வரி, கடைசியாக உரிமையாளரின் விசேட வேண்டுகோள்கள். கீழே ஒரு சிறிய தொகை. பேச்சியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, மேல பெருசா இருக்கு, கீழ சின்னதா இருக்கே?"

"நடுவுல பிடிப்பு இருக்குல்ல."

"வேலாயிக்குப் பிடிப்பீங்களே, அது மாதிரியா?"

"அது வேற, இது வேற. இது நிர்வாகம்."

அந்தச் சிறிய தொகையில் சுவர் எழும்பவில்லை. இருநூறு சீமெந்துக் கற்கள் வாங்கி அத்திவாரத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். பேச்சியம்மா அவற்றின் மேல் தார்ப்பாய் போர்த்தி, அது பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

பிறகு கொரோனா வந்தது. உலகத்தில் யாரும் எங்கும் போகவில்லை. அடுத்த கணக்கில் மேலே இருந்த பெரிய தொகையைக் காணவில்லை. இரண்டு வருட நிச்சயமும் இப்படிப்பட்ட காலத்துக்குப் பொருந்தாது என்று ஒப்பந்தத்தில் எங்கோ இருந்ததாம். நடுவில் இருந்த வரிசை மட்டும் ஒரு வரி குறையாமல் இருந்தது. யாரும் நீந்தாத நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். யாரும் ஏறாத லிஃப்டுக்கும் எண்ணெய் போட வேண்டும். கண்டாக்கையா இதைப் புரிந்துகொண்டார். ஆளில்லாத மலையிலும் புல் முளைக்கும் என்று பேச்சியம்மாவுக்கு விளக்கினார். ஆபீசிடம் அவகாசம் கேட்டார். கேட்டவுடன் கொடுத்தார்கள், வட்டியோடு.

அதற்குப் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியில் நம் இலங்கை ரூபாய் விழுந்தது. அங்கே அவர்கள் கட்டணத்தை ஒரு சதம் கூட்டவில்லை. அவர்களுடைய நேர்மையைக் குறை சொல்ல முடியாது. இங்கே அது கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கொட்டகலை முழுதும் காஸ் சிலிண்டரையும் மண்ணெண்ணெய்க் கேனையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. மாலையில் பஜார் இருண்டு கிடக்கும்போது, கண்டாக்கையா குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு விளக்கு மட்டும் தாய்லாந்தில், கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. படம் தவறாமல் வந்தது.

சீமெந்துக் கற்கள் முதலில் போயின. பிறகு மாடி வீடு போனது. பைஸர் நானா கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையைப் பாதி ஒழித்துக் கொடுத்தார். வாடகை சொல்ல வெட்கப்பட்டு, கண்டாக்கையா வற்புறுத்திய பிறகு ஒரு தொகை சொன்னார். கண்டாக்கையா மரக்கறி லொறிக்காரர் ஒருவருக்குக் கணக்கு எழுதப் போனார். வந்ததில் பாதி வயிற்றுக்கு, பாதி ஏழாம் மாடிக்கு.

வீட்டை அப்படியே கைகழுவியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். பஜாரில் வெளிநாட்டு வீட்டுக்காரர் என்று ஒருவர் நடந்து போகும்போது தேநீர்க் கடையில் அவர் உட்காரப் பெஞ்சு காலியாகும். அந்தப் பெஞ்சுக்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை.

2024இல் ஆபீஸ் எழுதியது: ஐந்து வருடம் கடந்துவிட்டதால் கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும், மாற்றாத வீடு வாடகைத் திட்டத்தில் சேராது. கண்டாக்கையா விற்றுவிட முடிவெடுத்தார். நேரில் வந்தால் நல்ல விலைக்குப் பேசலாம் என்றார் நிஷாந்தி. வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிற மகள் ஜீவராணி, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த காசில் இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஆக, வாங்கி ஆறு வருடத்துக்குப் பிறகு உரிமையாளர்கள் முதன்முறையாக விடுமுறைக்குப் போனார்கள்.

ஏழாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. நீண்ட நடை, ஒரே மாதிரிக் கதவுகள், கதவுக்கு ஒரு நம்பர். பேச்சியம்மா நடந்துகொண்டே இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏங்க, இது லயந்தானே?"

"என்ன பேச்சு பேசுற?"

"லயந்தாங்க. படுக்கப் போடாம நிமித்தி வச்சிருக்காங்க."

உள்ளே போனார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, கண்ணாடிக் கதவு. பால்கனியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் பால்கனி தெரிந்தது. இடது பக்கம் நன்றாக எட்டிப் பார்த்தால் ஒரு முழம் கடலும் தெரிந்தது. கண்டாக்கையா வாசலிலிருந்து சுவர்வரை காலடி வைத்து நடந்தார், மலையை அளக்கிற நடை. திரும்பிக் குறுக்கே நடந்தார். முகம் மாறியது.

பத்துக்குப் பன்னிரண்டு.

அறையைத் திறந்துவிட வந்த கட்டட ஆபீஸ் பெண் மிகவும் பணிவானவர். கையெழுத்திட்ட பத்திரத்தில் உள்ள அளவு பெரிதாயிற்றே என்று கேட்டதற்குச் சிரித்த முகத்தோடு விளக்கினார். இந்த விற்பனைத் திட்டத்தில் அளவு என்றால் நடையில் ஒரு பங்கு, லிஃப்டில் ஒரு பங்கு, கூரைமேல் நீச்சல் குளத்தில் ஒரு பங்கு, எல்லாம் சேர்ந்ததுதான். அவற்றைக் கழித்தால் வருவது அறை. கண்டாக்கையா பேச்சியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். பேச்சியம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு."

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. விளங்கிவிட்டது என்பதற்காகச் சொன்னார். கண்டாக்கையா பால்கனிக்குப் போய் அந்த ஒரு முழம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் கொண்டுவந்திருந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் திறந்த மணத்துக்கு ஆபீஸ் ஒரு சிறு அபராதம் போட்டது. படுக்கை விரிப்புக்கு உரிமையாளர்களிடம் தனிக் கட்டணம். நீச்சல் குளத்தில் தங்கள் பங்கைப் பார்க்க ஒருநாள் மேலே போனார்கள். சேலையோடு அனுமதியில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. பேச்சியம்மா பால்கனியில் நின்று, அதைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்தார். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவர் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

விற்கிற விஷயமும் விளங்கியது. பாக்கி எதுவுமில்லை என்று ஆபீஸ் ஒரு பத்திரம் தர வேண்டும். அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. பாக்கி, வட்டி, தளபாடம் எல்லாம் கட்டினால்தான் பத்திரம். ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் நிஷாந்தி தொலைபேசியில் வந்தார். வாங்குவதற்கு ஆள் தயார், பத்திரம் மட்டும்தான் குறை.

கட்டுவதற்கு இருந்த ஒரே சொத்து பேச்சியம்மாவின் பெயரில் இருந்த பத்து பேர்ச். உடப்புசல்லாவையிலிருந்து வந்த ஒரு மரக்கறி வியாபாரி நல்ல விலை கேட்டார். அத்திவாரம் போட்டிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டியே கொடுத்தார். பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு வீட்டில் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சியம்மா கணவரைப் பார்த்தார்.

"இதக் குடுத்தா அது அடங்குமாங்க?"

"அடங்கும் பேச்சி. அது வித்த கையோட இதவிட நல்ல எடமா வாங்கித் தாறேன்."

"நல்ல எடம் வேணாம். கதவு இருந்தாப் போதும்."

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து காணிக்குப் போய், மரத்தக்காளியில் பழுத்திருந்ததையெல்லாம் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டார். அத்திவாரத்துக்குள் அன்றைக்கும் கொஞ்சம் புல் இருந்தது. பிடுங்கலாமா என்று யோசித்தவர் போல நின்றார். பிறகு பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார்.

பாக்கி தீர்ந்தது. பத்திரம் வந்தது, அழகான முத்திரையோடு. அது ஒரு மாதத்துக்கு மட்டுமே செல்லும். வாங்க இருந்தவர் அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இன்னும் மலிவாக ஒன்று கிடைக்க அதை வாங்கிவிட்டார். கட்டடத்தில் பாதி வீடு விற்பனைக்கு இருந்தது. உலகத்தின் பல மூலைகளிலும் கண்டாக்கையாக்கள் இருந்திருக்கிறார்கள். மாதம் முடிந்து, பத்திரம் காலாவதியானது. அடுத்த வருடத்துக் கட்டணம் தொடங்கியது.

அதற்குப் பிறகு பேச்சியம்மா யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். பழைய தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனார். பதிவில் பெயரில்லாதவர்கள், வயது முடிந்தவர்கள், பறித்த கிலோவுக்கு அப்போதைக்கப்போது காசு வாங்கிக்கொண்டு போகிற வேலை அது. முதல்நாள் அவர் மலை ஏறி வந்ததைப் பார்த்து, வேலாயிதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏய், கண்டாக்கம்மா வாறாங்கடி. எல்லாரும் நேரா நில்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. வேலாயிக்கும் அது சொன்ன பிறகு பிடிக்கவில்லை. கிட்டே வந்து, பேச்சியம்மாவின் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ஈரம் ஏறுனா குறுக்கு போயிரும்மா. இறுக்கமாவே இருக்கட்டும். கை மறந்து போச்சா?"

"கை மறக்கலடி. முட்டிதான் மறந்து போச்சு."

கண்டாக்கையா மாலையில் லொறிக் கணக்கு முடித்துவிட்டு, மனைவியின் சாக்கைத் தூக்கிக் கொடுக்க மலைக்கு வருவார். தராசடியில் இப்போது மதுரன் என்ற இளம் கண்டாக்கு. யோகேஸ்வரனிடம் வேலை பழகியவர். பழைய கண்டாக்கையாவைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்.

ஒருநாள் காலையிலிருந்தே தூறல். வரிசையில் பேச்சியம்மாவின் முறை வந்தது. தராசு பதினாறு காட்டியது. மதுரன் அதைப் பார்த்தார், பேச்சியம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

"அம்மாவுக்குப் பதினாறு. கழிவு இல்ல."

பக்கத்தில் நின்ற யோகேஸ்வரன் சாக்குக்குள் கையை விட்டார். ஒரு பிடி கொழுந்தை எடுத்து அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. பழைய கம்பீரம் எங்கிருந்தோ திரும்பி, முதுகு நிமிர்ந்தது.

"மதுரன், இது மழக் கொழுந்து. மூணு வெட்டணும்."

"சேர், இது அம்மாவோட…"

"யாரோடதா இருந்தா என்ன? இன்னைக்கி இவங்களுக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் நிர்வாகம் எங்க நடக்கும்? மூணு வெட்டு."

வேலாயி தன் சாக்கைக் கீழே வைத்தார்.

"வெட்டிக்குங்க தம்பி" என்றார் மதுரனிடம். "அதுல அம்மாவோட வேர்வயும் இருக்கும்."

மதுரன் பதின்மூன்று என்று பதிந்தார். பேச்சியம்மா காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கத் தொடங்கினார். கண்டாக்கையா கொஞ்சம் பின்னால் வந்தார். தான் செய்தது சரிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் கால்தான் ஒவ்வொரு வளைவிலும் தயங்கியது.

பாதையோரக் காணியில் வியாபாரியின் வீடு எழும்பிவிட்டிருந்தது. பச்சைச் சுவர், புதுத் தகரம், சன்னலில் வெளிச்சம். பேச்சியம்மா நின்றார். பாதையிலிருந்து ஒரு அடி உள்ளே போய், சுவருக்கு அடியில் தெரிந்த அத்திவாரக் கல்லைச் செருப்பில்லாத காலால் ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

"அசையலைங்க. நல்லாத்தான் போட்டிருக்கேன்."

உள்ளே யாரோ ஒரு பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பிறகு கதவு சாத்துகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். கண்டாக்கையா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அன்றைய படம் வந்திருந்தது. மனைவியிடம் காட்டலாமா என்று யோசித்து, கடைசியில் காட்டினார்.

"அங்க வெளக்கு வச்சாச்சு பேச்சி."

பேச்சியம்மா குனிந்து பார்த்தார். "ம்" என்றார்.

பைஸர் நானா கடையை மூடிக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு சரக்கறைக்காகப் போட்டது. அதற்கு வெளியே மட்டும்தான் கொண்டி உண்டு. கண்டாக்கையா படுத்துவிட்டார். பேச்சியம்மா கதவைச் சாத்தி, வழக்கம்போல ஒரு வெங்காய மூட்டையை இழுத்து வந்து அதற்கு முட்டுக் கொடுத்தார்.